பழைய கரிஸ்மாவுக்கு பிரெய்டட் ஹோஸ்: ரப்பர் வீங்குமா, வீங்காதா?

மதுரை_கரிஸ்மா: 2003 மாடல் ஹீரோ ஹோண்டா கரிஸ்மா பைக். முன் டிஸ்க் பிரேக்குக்கு ஸ்டீல் பிரெய்டட் ஹோஸ் (எஃகுக் கம்பிப் பின்னல் போர்த்திய பிரேக் ஆயில் குழாய்) மாட்டப் போகிறேன். "பழைய ரப்பர் ஹோஸ் பலூன் மாதிரி வீங்கும், இதை மாட்டினால் பிரேக் இருமடங்கு பிடிக்கும்" என்று கோவை_ரைடர் போன வாரம் எழுதியிருந்தார். எது வாங்கலாம்?

பழைய_ஸ்பேனர்: இருமடங்கா? விரல் தரும் அழுத்தத்தைப் பெருக்குவது லீவர் பக்கத்தில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரும், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் பிஸ்டனும். ஹோஸ் வெறும் வழி. மாற்றினால் லீவர் கெட்டியாகும், அவ்வளவுதான். வண்டியை நிறுத்துவது கடைசியில் டயர்.

கோவை_ரைடர்: ரப்பர் வீங்குமா, வீங்காதா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் சார்.

பழைய_ஸ்பேனர்: நல்ல ஹோஸ் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வீங்காது. ரப்பருக்குள்ளேயே நூல் பின்னல் இருக்கிறது, வெட்டிப் பாருங்கள். லீவர் பொதபொதவென்று போனால் முதலில் பிரேக் ஆயிலைப் பார்க்க வேண்டும். டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும், ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155தான். கறுத்துப்போன ஆயிலை வைத்துக்கொண்டு ஹோஸைத் திட்டாதீர்கள்.

கோவை_ரைடர்: ஆயில் கதை நான் கேட்கவில்லை. கண்ணுக்குத் தெரியாது என்றால் வீங்குகிறது என்றுதானே அர்த்தம்? ஹோஸைக் காலிப்பரில் இணைக்கும் பேஞ்சோ போல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே ஹோஸை விரலால் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை லீவரை அமுக்கச் சொல்லுங்கள். கையிலேயே துடிக்கும்.

திருச்சி_டூரிங்: டாட் 5 ஊற்றிவிட்டால் ஆயில் ஈரமே இழுக்காதே. எதற்கு இவ்வளவு சண்டை?

பழைய_ஸ்பேனர்: டாட் 5 சிலிக்கான். டாட் 3, 4, 5.1 எல்லாம் கிளைக்கால். இரண்டையும் கலக்கக் கூடாது. 5க்கும் 5.1க்கும் வித்தியாசம் தெரியாதவர் பிரேக்குக்கு யோசனை சொல்ல வேண்டாம்.

திருச்சி_டூரிங்: கலக்கச் சொன்னேனா? போன மாதம் செயின் ஸ்ப்ரே விவாதத்திலும் இதே திமிர்தான். இவர் ஒருவருக்குத்தான் ஸ்பேனர் பிடிக்கத் தெரியும்!

மதுரை_கரிஸ்மா: அண்ணன்மாரே, எதை வாங்கட்டும்? சென்னை புதுப்பேட்டை உதிரிபாகச் சந்தையில் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது.

பழைய_ஸ்பேனர்: தம்பி, 20 வருஷம் தாண்டிய ரப்பரை மாற்றியே ஆக வேண்டும். கம்பெனி ரப்பர் ஹோஸே போதும். பிரெய்டட்தான் வேண்டுமென்றால் உள்ளே டெஃப்லான் குழாய், மேலே பிளாஸ்டிக் உறை உள்ளதாக எடு. உறை இல்லாத எஃகுப் பின்னல் உரசி உரசி மட்கார்டு பெயின்ட்டை அறுத்துவிடும். அப்புறம் பேஞ்சோ போல்ட்டின் மரை. ஜப்பான் காலிப்பர்களில் பெரும்பாலும் 10 மி.மீ. போல்ட்டுக்கு மரை இடைவெளி 1.25 மி.மீ., இத்தாலி கம்பெனியான பிரெம்போ வகையில் 1.0. போல்ட்டை மாற்றி முறுக்கினால் காலிப்பர் மரை போச்சு. செம்பு வாஷர் கட்டாயம் புதிதாகப் போடு. ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பினாலும், ஃபோர்க் முழுக்க நீண்டாலும் ஹோஸ் இழுபடக் கூடாது. புதுப்பேட்டையில் யாரோ கழற்றிப் போட்டதை பிரேக்குக்கு வாங்காதே.

சென்னை_டிஸ்க்: புதுப்பேட்டையை ஏன் சார் இழுக்கிறீர்கள்? அங்கே புது சாமானும் விற்கிறார்கள். கடை ஏறிப் பார்த்திருக்கிறீர்களா?

கோவை_ரைடர்: மாற்றியே ஆக வேண்டுமாம்! ஏன்? ரப்பர் வீங்குவதால்தானே? அதைத்தானே நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

பழைய_ஸ்பேனர்: வெடிப்பு விடுவதால். நீங்கள் எழுதியது "இருமடங்கு". அதை முதலில் அழியுங்கள்.

கோவை_ரைடர்: அழிக்க மாட்டேன். வீங்குமா, வீங்காதா?

சென்னை_டிஸ்க்: புதுப்பேட்டை பற்றிக் கேட்டேனே, அதற்கு பதில் எங்கே?