பொருள்: பேஸ்பால் ‘ஆப்ஷன்’ – ஒரு சொல்லா, இரண்டா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலின் குளிர்கால ஒப்பந்தச் செய்திகள் தமிழில் வரத் தொடங்கிவிட்டன. அவற்றில் ‘ஆப்ஷன்’ வருமிடமெல்லாம் ‘விருப்பம்’ என்று போடுகிறார்கள். ஆகவே “இந்தப் பந்துவீச்சாளருக்கு விருப்பம் தீர்ந்துவிட்டது” என்றொரு வாக்கியம் பிறக்கிறது. படிப்பவர், பாவம் மனுஷன் ஆட்டத்தையே வெறுத்துவிட்டார் போல என்றுதான் நினைப்பார். அணி இனி அவரைத் தன் இஷ்டத்துக்கு மைனர் லீகுக்கு, அதாவது கீழ்நிலை லீகுக்கு, அனுப்ப முடியாது என்பதே செய்தி.

சிக்கல் எங்கே என்றால், அந்த ஆட்டத்தில் ‘ஆப்ஷன்’ என்ற பெயரில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன.

முதலாவது, பட்டியல் சார்ந்தது. நாற்பதின்மர் பட்டியலில் (மேஜர் லீக் அணி தன் வசம் வைத்திருக்கும் நாற்பது பேர்) உள்ள ஒருவரை, வேறு அணிகள் கைவைக்க வழியில்லாமல், மைனர் லீகுக்கு அனுப்பி வைக்க அணிக்கு உள்ள உரிமை. ஒரு வீரருக்கு இது பொதுவாக மூன்று பருவங்களுக்கு உண்டு. ஒரு பருவத்தில் அவர் மொத்தம் 20 நாளாவது கீழே இருந்தால்தான் அந்தப் பருவம் கணக்கில் கழியும். 19 நாளில் திரும்பிவிட்டால் கழியாது. 2022 முதல் ஒரே பருவத்தில் ஐந்து முறைக்கு மேல் இப்படி அனுப்ப முடியாது. உரிமை மூன்றும் தீர்ந்தவரைக் கீழே அனுப்ப வேண்டுமானால், மற்ற 29 அணிகளுக்கும் முதலில் அவரைக் காட்டியாக வேண்டும்.

இரண்டாவது, ஒப்பந்தம் சார்ந்தது. ஒப்பந்த ஆண்டுகள் முடிந்தபின் இன்னும் ஓராண்டு, முன்பே பேசிய தொகைக்குத் தொடரும் உரிமை.

முதலாவதற்கு ‘இறக்குரிமை’, இரண்டாவதற்கு ‘தொடருரிமை’ என்று முன்வைக்கிறேன்.

– வே.

* * *

வே. ஐயா,

பிரித்தது மிகச் சரி. இரண்டு சொற்களும் ஆனால் விளையாட்டுப் பக்கத்தில் வழுக்கும்.

> முதலாவதற்கு ‘இறக்குரிமை’

தமிழ் விளையாட்டுச் செய்தியில் ‘இறக்கினார்கள்’ என்றால் களத்தில் இறக்கினார்கள் என்று பொருள். கிரிக்கெட் படித்துப் பழகிய கண், “நேற்று அவரை இறக்கினர்” என்பதை நேர் எதிராகப் புரிந்துகொள்ளும்: மைனர் லீகுக்குப் போனவரை ஆடவந்தவராக நினைக்கும். ‘தொடருரிமை’யிலும் அதே வம்பு. ‘தொடர்’ என்றால் ஐந்து போட்டித் தொடர், ஏழு போட்டித் தொடர்; தொடருரிமை என்றதும் ஒளிபரப்பு உரிமை யாருக்கு என்ற செய்தியோ என்று தோன்றும்.

முதலாவதற்கு ‘அனுப்புரிமை’ என்போம். வினையாகவும் நிற்கிறது: “அனுப்பினர்”, “அனுப்புரிமை தீர்ந்தவர்”, “இன்னும் ஓர் அனுப்புரிமை மீதமுள்ளவர்”. கலைச்சொல்லைப் பெயராக மட்டும் சோதித்தால் போதாது. பேஸ்பால் செய்தியில் இது தினமும் வினையாகத்தான் வரும்.

இரண்டாவதற்கு ‘நீட்டிப்புரிமை’. பணி நீட்டிப்பு, பதவி நீட்டிப்பு எல்லாம் நாளிதழில் புழங்குபவை, விளக்கம் வேண்டியதில்லை.

– செ.

* * *

செ. அண்ணா சொன்னதை ஏற்கிறேன். நீட்டிப்புரிமைக்கு முன்னால் யாருடைய உரிமை என்பதையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். அது இல்லாமல் எழுதினால் ரசிகர் வாதம் பாதி வீணாகப் போகும்.

அணி நீட்டிப்புரிமை: முடிவு அணியின் கையில். அட்லான்டா பிரேவ்ஸ் 2019இல் ஆஸி ஆல்பீஸோடு போட்ட ஏழாண்டு, 3.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் 2026, 2027 இரண்டுக்கும் தலா 70 இலட்சம் டாலரில் இந்த உரிமை இருந்தது. அந்த ஒப்பந்தத்தை அடிமாட்டு விலை என்று ரசிகர்கள் இன்றும் திட்டுவதற்கு ஏழாண்டுத் தொகையைவிட அந்தக் கடைசி இரண்டு ஆண்டுகளே பெரிய காரணம். ஆள் நன்றாக ஆடினால் மலிவாக வைத்துக்கொள்ளலாம், ஆடாவிட்டால் விட்டுவிடலாம். லாபம் ஒரே பக்கம்.

வீரர் நீட்டிப்புரிமை: முடிவு வீரரின் கையில். நன்றாக ஆடினால் வெளியே போவார்; சரியாக ஆடவில்லையென்றால் இருந்து வாங்கிக்கொள்வார்.

இருதரப்பு நீட்டிப்புரிமை: இருவரும் சம்மதிக்க வேண்டும். இது கிட்டத்தட்ட நடப்பதே இல்லை. வீரர் அந்தத் தொகைக்கு மேல் பெறுவார் என்றால் அவர் மறுப்பார், கீழே என்றால் அணி மறுக்கும். பின் எதற்காகப் போடுகிறார்கள்? நீட்டிக்காவிட்டால் தரவேண்டிய தொகையை அடுத்த ஆண்டுக் கணக்குக்குத் தள்ளுவதற்காக. அதாவது அது சம்பளத்தில் ஒரு பகுதியைத் தாமதமாகத் தரும் உத்தி. “இருதரப்பு உரிமை இருக்கிறதே, அடுத்த ஆண்டும் நம்மிடம்தான்” என்று மகிழும் ரசிகருக்கு யாராவது இதைச் சொல்லுங்கள்.

அந்தத் தொகைக்கு ‘விடுதொகை’ என்று வைக்கலாமா? இதை விட்டுவிட்டுக் கணக்குப் போடுவதுதான் கருத்துப் பெட்டிகளில் நான் காணும் முதல் பிழை. நீட்டித்தால் 1.6 கோடி, விட்டால் 20 இலட்சம் என்று ஒப்பந்தம் சொன்னால், அணி எதிர்கொள்ளும் கேள்வி “இவர் 1.6 கோடிக்குத் தேறுவாரா” அன்று, 1.4 கோடிக்குத் தேறுவாரா என்பதே. 20 இலட்சம் எப்படியும் போனதுதான்.

நடுவில் விலகும் உரிமைக்கு ‘விலகுரிமை’. கோடி (Cody) பெலிஞ்சர் என்ற வீரர் 2024 பிப்ரவரியில் சிகாகோ கப்ஸோடு போட்ட மூன்றாண்டு, 8 கோடி டாலர் ஒப்பந்தத்தில் முதலாண்டு முடிவிலும் இரண்டாமாண்டு முடிவிலும் விலகுரிமை இருந்தது. அதை ‘ஓராண்டு ஒப்பந்தம், பிறகு வீரர் நீட்டிப்புரிமை’ என்று எழுதினாலும் பணக் கணக்கு மாறாது. ஆகவே ஒரே ஒப்பந்தத்துக்கு ஒரு கட்டுரையில் இரண்டு சொல்லும் வேண்டாம்.

– த.

* * *

பெலிஞ்சர் பெயர் வந்ததால், அவருக்கு ஒருமுறை நேர்ந்த ‘நான்-டெண்டர்’ (அணி ஒப்பந்தம் வழங்காமல் விடுவது) பற்றியும் இங்கேயே கேட்டுவிடுகிறேன். ‘விடுவிப்பு’ என்றே எழுதினால் என்ன? ஐபிஎல் செய்திகளில் ‘தக்கவைப்பு’, ‘விடுவிப்பு’ இரண்டும் வாசகருக்குப் பழக்கம்.

– மு.

* * *

மு. தம்பிக்கு,

பழக்கம் இருப்பதே ஆபத்து. ஐபிஎல் அணி ஒருவரை விடுவித்தால் அடுத்த பருவத்துக்கு அவருக்கு எதுவும் தரவேண்டியதில்லை. பேஸ்பாலில் உறுதியான ஒப்பந்தம் உள்ளவரை விடுவித்தால் மீதிச் சம்பளம் முழுவதும் அணியின் தலையில்தான். வேறு அணி அவரை எடுத்தால் அது தரும் குறைந்தபட்ச ஊதியம் மட்டும் கழியும். நான்-டெண்டர் அப்படியன்று. அது மேஜர் லீகில் பணிக்காலம் ஆறாண்டு நிறையாத, அடுத்த பருவத்துக்கு ஒப்பந்தம் கையெழுத்தாகாத வீரருக்கு, நவம்பர் மூன்றாம் வாரத்தையொட்டி வரும் கெடுவுக்குள் அணி ஒப்பந்தமே வழங்காமல் இருப்பது. ஒரு காசும் பாக்கி இல்லை. வீரர் உடனே கட்டற்ற வீரர், எந்த அணியோடும் சேரலாம். கட்டற்ற மென்பொருள் என்று நாம் சொல்லும் அதே கட்டற்ற.

எனவே ‘வழங்காமை’. வினையாக: “ஒப்பந்தம் வழங்காது விட்டனர்”. ‘ஒப்பந்த மறுப்பு’ வேண்டவே வேண்டாம், அது வீரர் மறுத்ததாக ஒலிக்கும்.

நல்ல வீரரை ஏன் வழங்காது விடுகிறார்கள் என்பதையும் பதிவில் ஒரு வரி சேர்க்க வேண்டும், ஏனெனில் ரசிகர்கள் கொதிப்பது இங்கேதான். பணிக்காலம் மூன்று முதல் ஆறாண்டு வரை உள்ளவரின் சம்பளத்தை, பேச்சு முறிந்தால், தீர்ப்பாயம் முடிவு செய்யும். வீரர் ஒரு தொகை கேட்பார், அணி ஒரு தொகை சொல்லும்; தீர்ப்பாயம் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கும், நடுவாக எதையும் சொல்லாது. (அதனால் ‘சமரசம்’ என்று எழுதுவது தவறு. ‘நடுவர் தீர்வு’ என்றால் களத்து நடுவரோடு குழம்பும். ‘ஊதியத் தீர்ப்பாயம்’ போதும்.) அதற்கு மேல், அணி வழங்கும் தொகை முந்தைய ஆண்டுச் சம்பளத்தில் 80 விழுக்காட்டுக்குக் கீழே போகக்கூடாது. அதாவது ஏற்கெனவே ஏறிய சம்பளம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்க வழியே இல்லை. ஆட்டம் இறங்கிவிட்டால் அணிக்கு இருக்கும் கதவு வழங்காமை ஒன்றுதான்.

பெலிஞ்சர் 2019இல் நேஷனல் லீகின் மிகச்சிறந்த வீரர். 2021இல் மட்டையடிச் சராசரி .165, 2022இல் .210; அந்த ஆண்டுச் சம்பளம் 1.7 கோடி டாலர். அடுத்த ஆண்டுக்கு ஏறக்குறைய 1.8 கோடி ஆகும் என்று கணிப்பு. அவருடைய அணியான லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் 2022 நவம்பர் 18 அன்று ஒப்பந்தம் வழங்காது விட்டது. கப்ஸ் 1.75 கோடிக்கு ஓராண்டு எடுத்தது, 2023இல் அவர் .307 அடித்தார், 26 ஹோம் ரன். இதைக் காட்டி டாட்ஜர்ஸ் நிர்வாகத்தை முட்டாள் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அன்று கையிலிருந்த எண்களுக்கு அந்த முடிவு சரி. நியாயமாகக் கோபப்பட வேண்டியவர்கள் நியூயார்க் மெட்ஸ் ரசிகர்கள்: 2013 டிசம்பரில் ஜஸ்டின் டர்னருக்கு வழங்காது விட்டபோது சேமிக்கப் பெரிய சம்பளம் ஒன்றும் இல்லை. அவர் மைனர் லீக் ஒப்பந்தத்தில் டாட்ஜர்ஸுக்குப் போனார், 2017இல் ஆல்-ஸ்டார் ஆனார்.

டேவிட் ஓர்ட்டிஸை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். 2002 டிசம்பரில் மின்னசோட்டா ட்வின்ஸ் செய்தது விடுவிப்பு. விளைவு ஒன்றாகத் தெரிந்தாலும் வழி வேறு.

– செ.

* * *

இந்த இழையிலேயே மிகக் கடினமானதை யாரும் தொடவில்லை: ‘டிஎஃப்ஏ’ (designated for assignment). ‘இடைநீக்கம்’ என்று எழுதிப் பார்த்திருக்கிறேன். அது ஒழுங்கு நடவடிக்கை. வீரர் ஏதோ தவறு செய்துவிட்டார் என்றாகிவிடும். ‘கெடு வைத்து நீக்கல்’ என்றால் தமிழாக அழகுதான், ஆனால் கெடு அணிக்கு, வீரருக்கன்று. “அவருக்குக் கெடு வைத்தனர்” என்றால் அவர் ஏதோ செய்துகாட்ட வேண்டும் போலிருக்கிறது.

நடப்பது இது. வீரர் நாற்பதின்மர் பட்டியலிலிருந்து அந்தக் கணமே நீங்குகிறார், இடம் காலியாகிறது. அவர் என்ன ஆவார் என்பதை முடிவு செய்ய அணிக்கு ஏழு நாள். அதற்குள் வேறு அணிக்குப் பரிமாற்றம் செய்யலாம், விடுவிக்கலாம், வேவரில் வைக்கலாம் (மற்ற அணிகள் அவரைக் கோரிக்கொள்ள முன்வைப்பது). வேவர் முடிய இரண்டு நாள் ஆகும், ஆக உண்மையில் பேரம் பேசக் கிடைப்பது ஐந்து நாள்தான். (முன்பு பத்து நாள் இருந்தது. அதனால் சொல்லுக்குள் ‘ஏழுநாள்’ என்று எண்ணைப் பொதிய வேண்டாம். அடுத்த தொழிலாளர் ஒப்பந்தத்தில் மாறினால் கலைச்சொல்லையும் மாற்ற வேண்டிவரும்.) வேவரில் யாராவது கோரினால் வீரரும் ஒப்பந்தமும் அங்கே போகும். குளிர்காலத்தில், முடிந்த பருவத்தில் கடைசியாக நின்ற அணிக்கே முதல் வாய்ப்பு. யாரும் கோராவிட்டால் மைனர் லீகுக்கு அனுப்பலாம், ஆனால் மூன்றாண்டுப் பணிக்காலம் உள்ளவரோ முன்பு ஒருமுறை இப்படிப் போனவரோ மறுத்துக் கட்டற்ற வீரராகலாம்.

இந்த ஏழு நாள் வீரரின் நிலைக்குத் தமிழில் ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது: நிலுவை. வழக்கு நிலுவையில் இருக்கிறது என்கிறோமே. “அவரை நிலுவையில் வைத்தனர்”, “நிலுவையில் இருக்கிறார்”, “நிலுவையிலிருந்து வேறு அணி எடுத்துக்கொண்டது”.

– த.

* * *

‘நிலுவையில் வைத்தல்’ நன்றாக உட்காருகிறது. ஒரு எச்சரிக்கை: பெயராக ‘நிலுவை நீக்கம்’ என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள், சம்பள பாக்கியைத் தீர்த்தார்கள் என்று பொருளாகிவிடும். சம்பளம் பற்றிய வாக்கியத்தின் அருகிலும் இதைத் தவிர்க்கவும்.

ஒன்றைக் கூட்ட வேண்டும். குளிர்காலத்தில் இது ஏன் இவ்வளவு வருகிறது என்று வாசகர் கேட்பார். பருவத்தின்போது அறுபது நாள் காயப் பட்டியலில் இருப்பவர் நாற்பதில் சேரமாட்டார். குளிர்காலத்தில் அந்தப் பட்டியலே கிடையாது. உலகத் தொடர் முடிந்த ஐந்தாம் நாளுக்குள் எல்லாரும் நாற்பதுக்குத் திரும்ப வேண்டும். நவம்பர் நடுவில், வேறு அணிகள் தட்டிக்கொண்டு போகாமலிருக்கச் சில இளம் வீரர்களையும் சேர்க்க வேண்டும். அதற்கு மேல் ஒரு கட்டற்ற வீரரை எடுத்தால் ஒருவர் வெளியேறித்தான் ஆக வேண்டும். பிப்ரவரியில் பயிற்சி முகாம் திறந்ததும் அறுபது நாள் பட்டியல் மீண்டும் வரும். அதுவரை பேசி முடித்த ஒப்பந்தத்தையும் அறிவிக்காமல் வைத்திருக்கும் அணிகள் உண்டு. “வாரக்கணக்காகியும் அறிவிப்பு வரவில்லை, மருத்துவச் சோதனையில் ஏதோ கோளாறு” என்று பரவும் வதந்திகளில் பல, நாற்பதில் இடமில்லாத கதைதான்.

– செ.

* * *

பதிவுக்கு எடுத்துக்கொண்டவை: அனுப்புரிமை, நீட்டிப்புரிமை (அணி, வீரர், இருதரப்பு), விலகுரிமை, விடுதொகை, வழங்காமை, ஊதியத் தீர்ப்பாயம், நிலுவையில் வைத்தல். ‘இறக்குரிமை’, ‘தொடருரிமை’ இரண்டையும் திரும்பப் பெறுகிறேன்.

‘வேவர்’ இப்போதைக்கு வேவராகவே இருக்கட்டும். ‘துறப்பு’ என்று ஒருவர் தனி மடலில் எழுதியிருக்கிறார். ஆனால் வேவரில் வைத்த அணி உரிமையை இன்னும் துறக்கவில்லை. வேறு அணி கோரினால்தான் அது போகிறது, கோராவிட்டால் வீரர் மைனர் லீகில் அந்த அணியிடமே இருக்கக்கூடும். இதற்குப் பொருந்தும் சொல் இருந்தால் புது இழையில் எழுதுங்கள்.

– வே.