அமெரிக்க ஃபுட்பாலில் காயம்பட்ட சீனியர் இடத்தில் ரூக்கி (முதல் வருட) குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) இறங்கியதைப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

தெற்கு பே:

2022 டிசம்பர் 4, சாண்டா கிளாராவில் எங்கள் சான் பிரான்சிஸ்கோ நைனர்ஸுக்கும் மயாமி டால்ஃபின்ஸுக்கும் ஆட்டம். நான் மைதானத்தில் இருந்தேன். கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். டால்ஃபின்ஸ் முதல் முறை பந்தை ஆடும்போதே 75 யார்டு டச்டவுன் (பந்தை எதிரணி எல்லைக்குள் கொண்டுபோவது) போட்டுவிட்டார்கள். அப்புறம் நைனர்ஸ் பந்தோடு முன்னேறிய முதல் டிரைவிலேயே எங்கள் குவார்ட்டர்பேக் கரோபலோ அடிபட்டு வண்டியில் உள்ளே போய்விட்டார். பாதம் உடைந்தது என்று பிறகு சொன்னார்கள். இன்னொரு குவார்ட்டர்பேக் டிரே லான்ஸ் செப்டம்பரிலேயே கணுக்கால் உடைந்து படுத்துவிட்டார். மிச்சம் இருந்தது ரூக்கி பிராக் பர்டி, அணிகள் புது ஆட்களை எடுக்கும் டிராஃப்டில் 262வது, கடைசித் தேர்வு.

எங்கள் வரிசையில் 13ஆம் எண் ஜெர்சி போட்டவர்கள் எல்லாம் மயாமிக்காரர்கள், அவர்களின் பழைய குவார்ட்டர்பேக் மரீனோவின் ரசிகர்கள். பர்டியும் 13. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் களத்தைப் பார்த்து, தன் மார்பில் இருந்த எண்ணைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். நம் அணி பந்து வைத்திருக்கும்போது சொந்த மைதானத்தில் ரசிகர்கள் சத்தம் போடமாட்டோம் இல்லையா? அன்று வழக்கத்தைவிட அமைதி. சீசன் முடிந்தது என்று பாதிப் பேர் முடிவு கட்டிவிட்டார்கள். அந்த அமைதியில் பர்டி கவுண்ட் (பந்தை எப்போது எடுப்பது என்று குரல் கொடுப்பது) சொல்லும் குரல் எங்கள் இருக்கை வரை கேட்டது. தடுமாற்றமே இல்லாத குரல். டால்ஃபின்ஸ் அவனை வீழ்த்த ஆளுக்கு மேல் ஆளாக பிளிட்ஸ் அனுப்புகிறார்கள், இவன் கடைசி நொடி வரை நின்று பந்தை வீசிவிட்டுத்தான் விழுகிறான். எழுந்து, புல்லைத் தட்டிவிட்டு, அணியினர் கூடி நிற்கும் ஹடிலுக்கு நடக்கிறான். இரண்டு டச்டவுன், 33-17.

தண்ணீர் பாட்டில் தூக்கி வந்த 12வது ஆள் அப்படியே பேட்டை வாங்கிச் சதம் அடித்த மாதிரி இருந்தது. வாரம் முழுக்க முதல் அணியோடு பயிற்சியே இல்லாதவனுக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்தது? இன்னும் யோசிக்கிறேன். இப்படி வேறு யாராவது பார்த்ததுண்டா?

நாலாவது டவுன்:

12வது ஆள் பேட் பிடிக்க முடியாது சார். ஃபீல்டிங் மட்டும்தான்.

தெற்கு பே:

ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

மூன்று ஆறு:

2019இலிருந்து கிரிக்கெட்டில் கன்கஷன் (தலையில் அடிபட்டு மூளை அதிர்வது) என்றால் மாற்று ஆள் பேட் பிடிக்கலாம். லார்ட்ஸில் ஸ்மித்துக்குப் பதிலாக லபுஷேன் இறங்கி ஐம்பது அடித்தாரே. சரி, ஃபுட்பாலுக்கு வாருங்கள்.

பிளேனோ வாசி:

எனக்கு 2016, டல்லாஸ் கவ்பாய்ஸ். ரூக்கி பிரெஸ்காட்டின் ரசிகர்கள் கோபப்படலாம், நான் சீனியர் ரோமோவின் ஆள்.

அந்த ஆகஸ்டில் சியாட்டிலில் பிரீசீசன் (சீசனுக்கு முந்திய பயிற்சி) ஆட்டம், மூன்றாவது முறை பந்தை ஆடும்போதே சியாட்டிலின் கிளிஃப் அவ்ரில் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார், ரோமோ முதுகெலும்பில் முறிவு. அதற்கு முன்பே முகாமில் இரண்டாம் ஆள் கெல்லன் மூர் கால் உடைந்து போயாச்சு. நாலாவது சுற்றில் 135வதாக எடுத்த பையன் பிரெஸ்காட் கையில் டல்லாஸ் கவ்பாய்ஸ். முதல் ஆட்டம் ஜயன்ட்ஸிடம் ஒரு பாயின்டில் தோல்வி, அதற்குப் பிறகு வரிசையாகப் பதினொரு வெற்றி.

என்னை உறுத்துவது வேறு. நவம்பர் 15ஆம் தேதி ரோமோ செய்தியாளர்கள் முன்னால் வந்தார். கையில் காகிதம். கேள்வி கிடையாது, வாசிக்கப் போகிறேன் என்றார். அலுவலக கேன்டீனில் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரே ஃபோனைச் சுற்றி நின்றோம். அந்த இடத்தை பிரெஸ்காட் உழைத்துச் சம்பாதித்துவிட்டார் என்று அவர் வாயாலேயே சொன்னார். உடம்பு சரியாகிவிட்டது, ஆட முடியும், ஆனால் இடம் போய்விட்டது. காகிதத்திலிருந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த வரியைத் தொடங்க அவர் கொஞ்சம் திணறினார். எங்களில் ஒருத்தர்கூட அப்போது பேசவில்லை. அது இன்னும் கண்ணில் நிற்கிறது. பின்னால் ஜனவரி 1ஆம் தேதி பிலடெல்பியாவில் ஒரே ஒரு டிரைவ் கொடுத்தார்கள். டெரன்ஸ் வில்லியம்ஸுக்கு டச்டவுன் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் வாழ்க்கையின் கடைசி பாஸ் அதுதான்.

தெற்கு பே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். குரல், தைரியம் எல்லாம் சரி. முன்னால் எதிரியைத் தடுக்க டைரன் ஸ்மித், ஃபிரெடரிக், ஸேக் மார்ட்டின் நின்று, பின்னால் பந்தோடு எலியட் 1,631 யார்டு ஓடினால் யாருக்குத்தான் குரல் தடுமாறும்? உங்கள் ஆள் பர்டிக்கும் துணைக்கு மெக்காஃப்ரி, கிட்டில், பயிற்சியாளர் ஷானஹன். புதுமுகத்தை மட்டும் தூக்கி வைத்துப் பேசுவது நியாயமில்லை.

மூன்று ஆறு:

அதே வரிசை முன்னால் நின்றபோது ரோமோ அந்த வருடம் எத்தனை ஆட்டம் ஜெயித்தார், பிளேனோ? கோபப்படாதீர்கள். பிரெஸ்காட்டுக்கு 23 டச்டவுன், 4 இன்டர்செப்ஷன் (எதிரி பறித்த பாஸ்). வரிசை நன்றாக இருந்தால் அடி விழாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பந்தை எதிரி கையில் கொடுக்காமல் இருப்பது வீசுகிறவன் வேலைதானே? முதல் 176 பாஸில் ஒரு இன்டர்செப்ஷன்கூட இல்லை. குவார்ட்டர்பேக் டாம் பிரேடி தன் தொடக்க காலத்தில் வைத்த சாதனையே அங்கே உடைந்தது.

பிளேனோ வாசி:

சரி, பேக்கர்ஸுக்கு எதிரான பிளேஆஃபில் கடைசி நிமிடத்தில் முதல் டவுனிலேயே (நான்கு வாய்ப்பில் முதலாவது) பிரெஸ்காட் பந்தை ஸ்பைக் செய்தது (கடிகாரத்தை நிறுத்தத் தரையில் அடித்தது) ஏன்? டைம் அவுட் கையில் இருந்தது. 52 யார்டு கிக்கில் பெய்லி சமன் செய்தார், மிச்சம் இருந்த 35 வினாடியை வைத்து பேக்கர்ஸ் குவார்ட்டர்பேக் ராட்ஜர்ஸ் என்ன செய்தார் என்று உங்களுக்கே தெரியும். குக்குக்கு அந்த 36 யார்டு பாஸ், அப்புறம் கிராஸ்பியின் 51 யார்டு கிக். 34-31 தோல்வி. ரோமோ இருந்திருந்தால் கடிகாரத்தைத் தின்றிருப்பார்.

மூன்று ஆறு:

21-3 பின்தங்கிய ஆட்டத்தை அந்தப் பையன்தான் சமனுக்குக் கொண்டுவந்தான். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

ஏரிக்கரை:

நீங்கள் இருவரும் ஜெயித்தவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் கிளீவ்லாந்து. எங்கள் ஊரில் 2018 செப்டம்பர் 20, வியாழன் இரவு, ஜெட்ஸுக்கு எதிராக. 14-0 பின்னால் இருக்கிறோம். எங்கள் குவார்ட்டர்பேக் டைராட் டெய்லருக்குத் தலையில் அடி, முதல் பாதி முடிய இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. ரூக்கி பேக்கர் மேஃபீல்டு ஹெல்மெட் மாட்டினார்.

அந்தச் சத்தத்தை நான் வேறு எங்கும் கேட்டதில்லை. 635 நாளாக வெற்றி இல்லாத ஊர் இது. அன்று 21-17 ஜெயித்தோம். வெற்றி வரும்வரை ஊர் முழுக்க பூட்டி வைத்திருந்த பட் லைட் பீர் ஃப்ரிட்ஜ்கள் தானாகத் திறந்தன, முன்பின் தெரியாதவர்கள் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். அதெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் மேஃபீல்டு உள்ளே ஓடியபோது மொத்தக் கூட்டமும் எழுந்து கத்தியதே, அது ஒருவர் தலையில் அடிபட்டு வெளியே போனதால் வந்த ஆரவாரமும்தான். நானும் கத்தினேன். பக்கத்தில் என் மகள், அப்போது சின்னப் பெண், அவளுக்கு ஃபுட்பால் ஒன்றும் தெரியாது. ‘அந்த அங்கிளுக்கு அடிபட்டிருக்கே, ஏம்ப்பா எல்லாரும் சிரிக்கிறாங்க?’ என்று கேட்டாள்.

இதில் கொடுமை என்னவென்றால், சரியாக இரண்டு வருடம் கழித்து அதே செப்டம்பர் 20ஆம் தேதி டெய்லருக்கு இன்னொன்று நடந்தது. சார்ஜர்ஸ் அணியில் இருந்தார். விலா எலும்பு வலிக்கு ஊசி போட்ட அணி மருத்துவர் நுரையீரலைக் குத்திவிட்டார். கடைசி நேரத்தில் ரூக்கி ஹெர்பர்ட் இறங்கினார். டெய்லர் 2021இல் ஹூஸ்டனுக்குப் போனார், அங்கே தொடைத் தசை பிடித்துக்கொண்டது, டேவிஸ் மில்ஸ் என்ற ரூக்கி வந்தார். அந்த ஆட்டமும் எங்கள் கிளீவ்லாந்து மைதானத்தில்தான். மூன்று அணி, மூன்று ரூக்கி, ஒரே மனிதர். புதுமுகத்தின் கதையை எல்லோரும் எழுதுகிறார்கள், இவருடைய பக்கத்தையும் யாராவது எழுத வேண்டும்.

பழைய டிக்கெட் மாமா:

ஏரிக்கரை சொன்ன அந்த ஹெர்பர்ட் ஆட்டத்தை நான் வீட்டில் பார்த்தேன். கோவிட் காலம், சோஃபை மைதானத்தில் ஒரு ரசிகர்கூட இல்லை. கிக்ஆஃபுக்குச் சற்று முன்புதான் அவரிடமே சொன்னார்களாம். முதல் டிரைவிலேயே தானே ஓடி டச்டவுன் போட்டார். சீஃப்ஸ் கூடுதல் நேரத்தில் 58 யார்டு கிக்கில் ஜெயித்தார்கள். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் இங்கே நிறையப் பேர் பிள்ளைகளை ஃபிளாக் ஃபுட்பாலில் (ஆளை வீழ்த்தாமல் இடுப்புக் கொடியைப் பறிக்கும் வகை) சேர்த்திருப்பீர்கள், 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் வேறு வருகிறது. உங்கள் பையனோ பெண்ணோ இரண்டாவது குவார்ட்டர்பேக்காக இருந்தால் இதைக் கவனியுங்கள். தொழில்முறை அணிகளில்கூட வாரப் பயிற்சியில் முதல் அணியோடு ஆடும் வாய்ப்பு பெரும்பாலும் முதல் ஆளுக்கே போகிறது. இரண்டாம் ஆள் அடுத்த வார எதிரணியைப் போல நடித்து நம் தடுப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பான். அதாவது ஞாயிற்றுக்கிழமை திடீரென இறங்கினால், அவன் சொல்ல வேண்டிய ஆட்டத் திட்டங்களை அந்த வாரம் அவன் ஒருமுறைகூட ஓடிப் பார்த்திருக்கமாட்டான். அதனால் பிள்ளையைப் பயிற்சிக்குக் கொஞ்சம் முன்னதாக அழைத்துப் போங்கள். சென்டராக ஆடும் பிள்ளையிடம் ஸ்னாப் (சென்டர் பின்னால் தரும் பந்து) வாங்கிப் பழகட்டும். ஒவ்வொரு சென்டரும் பந்தை வேறு மாதிரி கொடுப்பான், உயரம் வேறு, வேகம் வேறு. புது ஆள் வந்ததும் முதல் ஸ்னாப்பே தவறுவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

அடுத்தது கவுண்ட். முன்வரிசையில் நிற்பவர்கள் பழைய ஆளின் குரலுக்கு நகர்ந்து பழகியவர்கள். புதுக்குரல் அரை நொடி தாமதமாக வந்தால் யாராவது ஃபால்ஸ் ஸ்டார்ட் (பந்து கிளம்பும் முன்பே நகர்வது) செய்வான், ஐந்து யார்டு போச்சு. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்தவர் பார்த்தால் பார்க்கட்டும்.

மூன்றாவது, என்எஃப்எல்லில் (அமெரிக்கத் தொழில்முறை லீக்) பயிற்சியாளர் ஹெல்மெட் ரேடியோவில் பேசுவார், ஆனால் பந்தை எடுக்க வேண்டிய கடிகாரத்தில் 15 வினாடி இருக்கும்போது அது தானாக நின்றுவிடும். பிறகு அவனே எதிரணி நிற்பதைப் படித்து முடிவெடுக்க வேண்டும். பிள்ளைகள் ஆட்டத்தில் ரேடியோவே இல்லை. ஆகவே மணிக்கட்டுப் பட்டையில் ஆட்டத் திட்டங்களை எழுதிக் கட்டிவிடுங்கள். கையெழுத்து பெரிதாக இருக்கட்டும், வியர்வையில் அழியாத மை. அப்புறம், முதல் ஆள் ஆடும்போது இரண்டாம் ஆள் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. ஒவ்வொரு முறை பந்து கிளம்பும்போதும் நான் என்றால் எங்கே வீசியிருப்பேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். என் பேரனை அப்படித்தான் பழக்குகிறேன்.

நாலாவது டவுன்:

மாமா, யாரும் கேட்கவில்லையே. என் கதை சின்னது. 2001, பிரேடி ரூக்கியாக இறங்கிய வருடம். பேட்ரியாட்ஸின் முதல் குவார்ட்டர்பேக் பிளெட்ஸோவை ஜெட்ஸின் மோ லூயிஸ் எல்லைக்கோட்டருகே இடித்தார், உள்ளே ரத்தக்கசிவு. டிவியில் பார்த்துக்கொண்டிருந்த என் அறைத்தோழன் அந்த இடி விழுந்ததும் எழுந்து சேனலை மாற்றிவிட்டான், பார்க்க முடியவில்லை என்றான்.

பிளேனோ வாசி:

பிரேடி 2000ஆம் ஆண்டு டிராஃப்ட், 199வது தேர்வு. 2001இல் அவர் ரூக்கி இல்லை, இரண்டாம் வருடம். தலைப்பைப் படியுங்கள். அதுசரி, அதே பிளெட்ஸோவை 2006இல் டல்லாஸில் உட்காரவைத்துவிட்டுத்தான் ரோமோவை இறக்கினார்கள். காயம்கூட இல்லை. ரோமோவுக்கு 2016இல் நடந்ததைப் பார்க்கும்போது அதுதான் நினைவுக்கு வந்தது.

மூன்று ஆறு:

என் கதையைச் சொல்லாமலே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். பிட்ஸ்பர்க், மாணவனாக இருந்த காலம். 2004 சீசனில் இரண்டாவது வாரம் பால்டிமோரில் எங்கள் குவார்ட்டர்பேக் டாமி மேடாக்ஸுக்கு முழங்கையில் அடி. ரூக்கி ரோத்லிஸ்பர்கர் வந்தார், பிளேஆஃபுக்கு முந்திய சுற்று முடியும்வரை அவர் தொடங்கிய ஒரு ஆட்டத்திலும் தோல்வி இல்லை. அணிக்கு 15-1. ஊரே பைத்தியமாகத் திரிந்தது, கடைகளில் சாண்ட்விச்சுக்குக்கூட அவர் பெயர்.

2005 ஜனவரி 23, ஏஎஃப்சி இறுதி (லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் போலுக்கு முந்திய ஆட்டம்), சொந்த ஊர், பேட்ரியாட்ஸுக்கு எதிராக. காதுமடல் உணர்ச்சி இல்லாத குளிர். டிக்கெட் வாங்கிய காசுக்கு ஒரு மாதம் நூடுல்ஸ் சாப்பிட்டிருக்கிறேன். முதல் பாதி முடியப் போகிறது, நாம் எதிரி எல்லைக்கு அருகில். ரோத்லிஸ்பர்கர் ஓரமாக வீசுகிறார். பேட்ரியாட்ஸின் ராட்னி ஹாரிசன் அதை முன்கூட்டியே எதிர்பார்த்து நின்றிருக்கிறார். பறித்து 87 யார்டு ஓடினார். அவர் பின்னால் துரத்திப் போய்க் கடைசியில் கையை நீட்டியது யார் தெரியுமா? ரோத்லிஸ்பர்கரே. 41-27. அந்த சீசனில் முதல்முறையாக அவருடைய வயது எனக்கு ஞாபகம் வந்தது. என்னைவிடச் சின்னவர்.

ஏரிக்கரை:

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். எங்களுக்கு 2023இல் எங்கள் கிளீவ்லாந்திலேயே எதிர்மாறாக நடந்தது. முதல் குவார்ட்டர்பேக் வாட்சனின் தோள் சரியில்லை, ரேவன்ஸுக்கு எதிராக தாம்ப்சன் ராபின்சன் என்ற ஐந்தாம் சுற்று ரூக்கி. மூன்று இன்டர்செப்ஷன், 28-3. கடைசியில் சீசனைக் காப்பாற்றியது 38 வயது ஃப்ளாக்கோ.

கிழக்கு வாசல்:

பிலடெல்பியா. தெற்கு பே மனம் கோணக் கூடாது. 2023 ஜனவரி 29, நைனர்ஸுக்கு எதிரான என்எஃப்சி இறுதி (சூப்பர் போலுக்கு முந்திய இன்னோர் ஆட்டம்), நான் எங்கள் அணிப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஹசன் ரெடிக் பர்டியின் கையைத் தட்டிவிட்டார், முழங்கைத் தசைநார் கிழிந்தது. மாற்று ஆள் ஜாஷ் ஜான்சன், பல அணிகளைப் பார்த்த மூத்தவர். மூன்றாம் கால்பகுதியில் அவருக்கும் கன்கஷன். வேறு குவார்ட்டர்பேக்கே இல்லை. பர்டி திரும்பி வந்தான்.

அவனால் வீச முடியாது என்று எங்கள் கூட்டத்துக்குத் தெரிந்துவிட்டது. ஸ்னாப் வாங்குகிறான், ஓடுபவனிடம் கொடுக்கிறான், மறுபடி ஸ்னாப், மறுபடி கொடுக்கிறான். என் நண்பன் முதலில் கேலி செய்தான், பிறகு இருக்கையில் உட்கார்ந்துவிட்டான். 31-7 ஜெயித்தோம். சூப்பர் போலுக்குப் போகிற சந்தோஷம் முழுசாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கால்பகுதியை மட்டும் நான் ரீப்ளேயில் ஓட்டிவிடுவேன்.

மாமா, உங்கள் நீண்ட அறிவுரையில் இதை விட்டுவிட்டீர்கள். அந்த ஆட்டத்துக்குப் பிறகு அதே வருடம் மூன்றாவது குவார்ட்டர்பேக்கை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளும் விதியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

பழைய டிக்கெட் மாமா:

விடவில்லை தம்பி, அடுத்த பதிவில் எழுதலாம் என்று வைத்திருந்தேன். பேரன் அணியில் மூன்றாவது ஆளே கிடையாது, மொத்தமே ஒன்பது பேர்தான். இதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

நாலாவது டவுன்:

வேண்டாம் மாமா.