"ஃபோகஸ் அவுட்" ஒன்றல்ல: 8 மி.மீ. புரொஜெக்டருக்குக் கலைச்சொற்கள்

மடல் 1

வணக்கம்.

பழைய 8 மி.மீ. வீட்டுப் புரொஜெக்டர்களைப் பழுதுபார்க்கும் குறிப்புகளுக்குச் சொற்கள் தேவை. திரையில் படம் மங்கினால் எல்லாவற்றையும் "ஃபோகஸ் அவுட்" என்றே சொல்லிவிடுகிறோம். காரணங்கள் பல, மருந்தும் வேறு வேறு. படம் ஓட ஓட மெல்ல மங்கும். குமிழைத் திருப்பினால் தெளிந்து, சற்று நேரத்தில் மறுபடி மங்கும். இதற்குக் "குவியப் பிறழ்ச்சி" எனலாமா? ஃபிலிம் கேட்டுக்கு, அதாவது விளக்குக்கும் லென்சுக்கும் இடையே ஃபிலிம் பட்டை ஓடும் வழிக்குப் "படவாயில்"?

மடல் 2

> குவியப் பிறழ்ச்சி

வேண்டாம். நிறப்பிறழ்ச்சி (நிறங்கள் ஒரே இடத்தில் குவியாமை) என்று ஏற்கெனவே புழங்குகிறது. அது லென்சின் குறையைக் குறிக்கும். இங்கே லென்சில் குறையில்லை. லென்ஸ் குழல் பிடிப்புக்குள் தளர்ந்து, மோட்டார் அதிர்வில் இடம் மாறுகிறது. "குவிய நழுவல்" என்றால் கோளாறு எங்கே என்பதைச் சொல்லே காட்டிக்கொடுக்கும்.

குழலை உருவி, காய்ந்த கிரீஸை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைக்கவும். கண்ணாடியில் அது படக்கூடாது. பிறகு குழலைச் சுற்றி டெஃப்லான் டேப் ஒரே சுற்று. கூடினால் குமிழ் இறுகி, நுணுக்கமாகத் திருப்ப முடியாமல் போகும். எண்ணெய் விடவே வேண்டாம்: விளக்கின் சூட்டில் இளகி லென்சின் பின்கண்ணாடியில் படலமாகப் படியும். அப்புறம் எங்கே திருப்பினாலும் முழுப்படமும் பால் கலந்தாற்போலத் தெரியும்.

மடல் 3

நழுவலை ஏற்கிறேன். ஆனால் இரு துண்டுகளை இணைத்த ஒட்டு தாண்டியதும் சட்டென்று மங்குவதை அதில் சேர்க்காதீர்கள். கேமராவில் எடுத்த மூலப் பட்டையில் எமல்ஷன் பக்கம் (உருவம் பதிந்த பூச்சு) லென்சைப் பார்த்து ஓடும்; மூலத்தோடு ஒட்டவைத்து எடுத்த தொடுநகலிலோ விளக்கைப் பார்க்கும். இரண்டையும் ஒரே சுருளில் ஒட்டியிருந்தால் உருவம் இருக்கும் தளம் ஏறக்குறைய பட்டையின் தடிமன் அளவுக்கு, சுமார் 0.15 மி.மீ., தள்ளிப்போகிறது. எஃப்/1.4 லென்சில், 0.01 மி.மீ. மங்கல்வட்டத்தை (ஒரு புள்ளி மங்கிப் பரவும் வட்டம்) அனுமதித்தால் குவிய ஆழம், அதாவது பட்டை முன்பின் நகர்ந்தும் படம் தெளிவாக இருக்கும் இடைவெளி, மொத்தமே 2 × 1.4 × 0.01 = 0.028 மி.மீ. தாங்குமா? ஒட்டுக்கு ஒட்டு குமிழைத் திருப்பத்தான் வேண்டும். கழற்றித் துடைத்துப் பயனில்லை. "தளமாற்றம்" என்பது என் பரிந்துரை.

(இங்கே சொல்வது குவிய ஆழம், பட்டைப் பக்கத்து அளவு. கேமராக்காரர்களின் புல ஆழம், அதாவது காட்சியில் தெளிவாக விழும் தூர அளவு, வேறு.)

மடல் 4

ஒரு பக்கம் தெளிவு, மறுபக்கம் மங்கல் என்பதற்குக் "குவியச் சாய்வு". முதலில் திரை நேராக நிற்கிறதா என்று பாருங்கள். குழல் சுழலும் வகையானால் அரைச்சுற்று திருப்பி, மறுபடி குவியப்படுத்துங்கள். மங்கலும் கூடவே இடம் மாறினால் குற்றம் லென்சில். மாறாமல் நின்றால் படவாயிலில்.

பெரும்பாலும் படவாயில்தான். பட்டையை அழுத்திப் பிடிக்கும் தகட்டை (அமுக்குத் தகடு?) விரலால் தள்ளிவிட்டால் தானாகத் திரும்ப வேண்டும். கெட்டிப்பட்ட கிரீஸிலோ சுரண்டப்பட்டு விழுந்த எமல்ஷன் கட்டியிலோ ஒரு மூலை சிக்கினால் பட்டை சாய்ந்தே ஓடும். கட்டியைப் பல்குத்தும் மரக்குச்சியால் மட்டும் எடுக்கவும். திருப்புளி பட்டால் தகட்டில் விழும் கீறல், ஓடும் பட்டை முழுவதற்கும் கோடு போட்டுவிடும்.

நடு தெளிந்து இரு ஓரமும் மங்கினால் அது சாய்வல்ல. அசிட்டேட் பட்டை காய்ந்து குறுக்கே குழிந்திருக்கிறது: "பட்டை வளைவு". அதற்காகத் தகட்டின் ஸ்பிரிங்கை இறுக்காதீர்கள். சுருங்கிய பட்டையின் துளைகள் கிழியும். நடுவுக்கும் ஓரத்துக்கும் இடைப்பட்ட ஒரு நிலையில் வைத்துத் திருப்தியடைவதே நல்லது.

மடல் 5

படவாயில் சரி, ஆனால் அதற்குள் ஒளி புகும் செவ்வகத் துளைக்கும் பலர் அதே பெயரைச் சொல்கிறார்கள். துளையைப் "படச்சாளரம்" எனப் பிரித்துவிடுவோம். அதன் விளிம்பைப் பார்த்துக் குவியப்படுத்துவது பிழை. விளிம்பும் எமல்ஷனும் ஒரே தளத்தில் இல்லை. உருவத்தின் மணிகள் (எமல்ஷனின் நுண்துகள்கள்) திரையில் தெரிவதைப் பார்த்தே திருப்ப வேண்டும்.

இன்னொன்று. வெள்ளை எழுத்துகளின் மேலோ கீழோ ஒளி நீண்டு இழுபட்டால் லென்சைத் தொடாதீர்கள். பட்டை நகரும்போது ஷட்டர் (ஒளியை மறைத்துச் சுழலும் தகடு) ஒளியை முழுதாக மறைக்கவில்லை, அதன் நேரவொழுங்கு தவறியிருக்கிறது. இதை "ஒளிவால்" என்று குவியப் பிரிவுக்கு வெளியே வைக்கலாம். படம் குதித்துக் குழம்பினால் அதுவும் வெளியே: படவாயிலை ஒட்டிப் பட்டை தளர்வாக வளைந்து நிற்கும் கண்ணி (லூப்) இழுபட்டுச் சுருங்கிப் போயிருக்கும். நிறுத்தி, கண்ணியை மறுபடி அமைத்தால் போதும்.

அமுக்குத் தகடு எனக்குச் சம்மதம். "அழுத்தத் தகடு" என்றால் அழுத்தமானி நினைவுக்கு வருகிறது. மறுப்பு உண்டென்றால் எழுதுங்கள்.