பழனி நடைப்பயணத்தில் தண்ணீர் கிடைக்காத இடத்தில் ஒதுங்க நேர்ந்தால்?

கேள்வி (காரைக்குடி)

தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடந்து செல்வோருடன் நானும் என் மகளும் இம்முறை முதன்முதலாகப் புறப்படுகிறோம். சிங்கம்புணரிக்கும் நத்தத்துக்கும் இடையே இருட்டில் ஒதுங்க நேர்ந்தால் செய்தித்தாளோ கைக்கெட்டிய இலையோ போதும் என்கிறார்கள் உடன்வருவோர். மகளோ ஈரத்தாள் பொட்டலம் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறாள். வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன், எது தீங்கில்லாதது?

பதில் 1 (தேவகோட்டை)

ஆச்சி, கைக்கெட்டிய இலை என்பதுதான் ஆபத்து. வேலியோரம் படரும் செந்தட்டி, அதாவது காஞ்சொறி, பட்ட இடமெல்லாம் தீப்பட்டாற்போல் எரியும். எருக்கம்பால் தோலைப் புண்ணாக்குவதோடு, அந்தக் கையால் கண்ணைத் தொட்டால் பார்வைக்கே கேடு செய்யும். சாலையோரப் பார்த்தீனியம் பலருக்குத் தோல் அரிப்பைக் கொண்டுவரும். விடியாத இருட்டில் இவற்றைப் பூவரசிலிருந்து பிரித்தறிய யாரால் முடியும்? செய்தித்தாளைக் கசக்கி மென்மையாக்கிக்கொண்டால் அவசரத்துக்கு உதவும் என்பது என் எண்ணம்.

பதில் 2 (திருப்பத்தூர், ஓய்வுபெற்ற செவிலியர்)

செய்தித்தாளை நான் ஒப்பமாட்டேன். ஏற்கெனவே நடந்து நடந்து தொடையிடுக்கு உராய்ந்து சிவந்திருக்கும் நிலையில், அந்த முரட்டுத்தாள் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கும். வழவழப்பான விளம்பரத்தாளோ எதையும் உறிஞ்சாமல் பரப்பிவிடும். கல்லும் மண்ணும் அதைவிட மோசம். நாம் தண்ணீரில் கழுவிப் பழகியவர்கள். மாற்றைத் தேடுவதைவிட அரை லிட்டர் புட்டி ஒன்றில் தண்ணீர் நிரப்பி, மூடியில் ஊசியால் நாலைந்து துளையிட்டு இடுப்புப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தினால் பீய்ச்சும், கொஞ்சம் நீரே போதும். பெண்கள் முன்னிருந்து பின்னாகத்தான் கழுவ வேண்டும், இல்லையேல் சிறுநீர்த்தாரையில் தொற்று ஏற்படக்கூடும். பிறகு மெல்லிய பருத்தித்துணியால் ஒற்றி உலர்த்துங்கள்.

கையைச் சோப்புப் போட்டு இருபது நொடி தேய்த்துக் கழுவுவது எல்லாவற்றிலும் முக்கியம். அழுக்குப் படிந்த கையில் கிருமிநாசினித் திரவம் சரியாக வேலை செய்யாது என்பதால் சோப்புத்துண்டு ஒன்றைத் தனியே எடுத்துச் செல்லுங்கள். அன்னதானப் பந்தியில் அந்தக் கையால்தானே சாப்பிடப்போகிறோம்!

இன்னொன்று: பெரும்பாலோர் செருப்பில்லாமல் நடக்கிறோம். திறந்தவெளியில் விட்ட மலத்திலிருந்து கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் மண்ணில் வளர்ந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுந்து, குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகின்றன. ஒதுங்கும் அந்தச் சில நிமிடங்களுக்காவது செருப்பணிவது விரதத்துக்குக் குறையாகாது என்றே நினைக்கிறேன்.

பதில் 3 (கானாடுகாத்தான்)

ஊருணிக்கரையிலோ வரத்துக்காலிலோ ஒதுங்காதீர்கள். குறைந்தது இருநூறு அடி தள்ளிச் செல்லுங்கள். செம்மண் இறுகிக் கிடக்கும் என்பதால் களைக்கொட்டு ஒன்று கையில் இருந்தால் அரையடி ஆழம் தோண்டி மூடிவிடலாம். மகள் வாங்கிய ஈரத்தாளைப் புதைக்க வேண்டாம். பெரும்பாலானவற்றில் நெகிழி இழை கலந்திருப்பதால் மக்காது. உறையிலிட்டுக் கட்டி, அடுத்த ஊர்க் குப்பைத்தொட்டி வரை சுமந்துதான் செல்ல வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. புட்டி மூடியில் துளையிட்டுப் பார்த்தோம், நன்றாகவே பீய்ச்சுகிறது. களைக்கொட்டை அப்பத்தா தோட்டத்திலிருந்து எடுத்து வைத்துவிட்டார்.