மனதை அழுத்துவதை எழுதினால் உடம்பு தேறுமா?

கேள்வி: மனக்காயங்களை எழுதினால் உடல்நலத்துக்கு நல்லது என்கிறார்களே. எத்தனை நாள், எவ்வளவு நேரம் எழுத வேண்டும்? எழுதியபின் மனம் இன்னும் கனத்தால் நிறுத்திவிடலாமா?

பதில் 1: அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் தொடர்ந்து 4 நாள், தினம் 15 நிமிடம் எழுதினார்கள். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள்தான் அடுத்த 6 மாதங்களில் மருத்துவரிடம் குறைவாகப் போனார்கள். வெறும் விவரம் மட்டும் எழுதியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. பிழை பார்க்காதீர்கள், கை நிற்கக் கூடாது. ஒன்றும் தோன்றாவிட்டால் முன்பு எழுதியதையே திரும்ப எழுதுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். கிழித்துப் போட்டாலும் சரி.

பதில் 2: முடித்ததும் ஒன்றிரண்டு மணி நேரம் சோர்வாக இருப்பது இயல்பு, அதனால் படுக்கப் போகும் முன் எழுத வேண்டாம். நாலு நாளும் அதே புலம்பல் என்றால் அது வெறும் அசைபோடல். 'அதனால்தான்', 'இப்போது புரிகிறது' போன்ற சொற்கள் கூடி வந்தால் நல்ல அறிகுறி. நடந்து சில நாட்களே ஆன அதிர்ச்சியைத் தொடாதீர்கள். தாங்க முடியாவிட்டால் வேறு விஷயத்துக்கு மாறுங்கள்.

பதில் 3: அளவோடு நம்புங்கள். 1999-இல் ஆஸ்துமா, முடக்குவாத நோயாளிகள் 3 நாள், 20 நிமிடம் எழுதி, 4 மாதத்தில் முன்னேற்றம் கண்டது உண்மை. ஆனால் 2006-இல் 146 ஆய்வுகளைத் தொகுத்தபோது சராசரிப் பலன் சிறியதாகவே இருந்தது. நோட்டை எடுத்துவிட்டோம் என்று இன்ஹேலரைக் கீழே வைத்துவிடாதீர்கள்!

கேட்டவர்: தட்டச்சு செய்யலாமா?

பதில் 1: தாராளமாக.