ஜிம்னிக்கு 215/75 டயரா, 235/75 டயரா? ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. வண்டி மாருதி ஜிம்னி, 1462 சிசி, மேனுவல். லிஃப்ட் (வண்டியை உயர்த்தும் சஸ்பென்ஷன் கிட்) போடவில்லை. இப்போது இருப்பது கம்பெனி டயர் 195/80 ஆர்15 (அகலம் 195 மிமீ, பக்கச்சுவர் அதில் 80%, ரிம் 15 அங்குலம்), மொத்த உயரம் 693 மிமீ.

215/75 போட்டால் 703 மிமீ, பெரிய வித்தியாசமில்லை. மனசு கிடப்பதோ 235/75 மேல்: 733 மிமீ, கிட்டத்தட்ட 6% கூடுதல். அடியில் 20 மிமீ கிடைக்கும். ஆனால் 134 நியூட்டன் மீட்டர் டார்க்தானே இருக்கிறது! கியர் அந்த அளவுக்கு நீண்டுவிடும் (சக்கரத்தில் இழுவை குறையும்), மேட்டில் இரண்டாம் கியர் திணறும், மீட்டர் 100 காட்டும்போது முன்பைவிட 6 கிமீ கூடவே ஓடும்.

கேள்விகள் இவைதான்:

ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் 235 எங்கே உரசுகிறது? பம்பர் ஓரமா, உள்ளே லீடிங் ஆர்மிலா (முன் அச்சைச் சட்டத்தோடு பிடிக்கும் கம்பி)? பம்பரை வெட்டாமல் சமாளிக்க முடியுமா?

ரிம் 5x139.7தான் (ஐந்து போல்ட், 139.7 மிமீ வட்டத்தில்). கம்பெனி ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து போல்ட் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது) +5 மிமீ. கடைக்காரர் -20 காட்டுகிறார். அதே அகலத்தில் சக்கரம் 25 மிமீ வெளியே தள்ளும். உரசல் உள்ளே குறைந்து வெளியே கூடும், பேரிங்குக்கும் சுமை. ஸ்டீயரிங் உதறல் வந்ததா?

ஸ்டெப்னியும் 235 என்றால் பின்கதவுக் கீல் தாங்குமா?

பதிலோடு டயர் அளவு, ரிம் ஆஃப்செட், லிஃப்ட் எத்தனை அங்குலம் மூன்றையும் போடுங்கள். "நல்லா இருக்கு ப்ரோ" மட்டும் வேண்டாம்.