காம்ப்பெலின் பையில் இல்லாத பொருள்: சேயர்ஸ் வாசகரை ஏமாற்றுகிறாரா?

கேள்வி: பின்னட்டை

டாரதி சேயர்ஸ் 1931இல் எழுதிய 'ஃபைவ் ரெட் ஹெர்ரிங்ஸ்' நாவலை இரண்டாம் அத்தியாயத்தோடு மூடி வைத்திருக்கிறேன். கோபத்தில்தான்.

இடம் ஸ்காட்லாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள காலோவே. அங்கே வசிப்பவர்கள் ஒன்று மீன் பிடிப்பார்கள், இல்லையென்றால் படம் வரைவார்கள் என்றுதான் கதை தொடங்குகிறது. ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் சண்டை வளர்த்த காம்ப்பெல் என்ற ஓவியர், மின்னாக் ஆற்றுப் பாறைகளில் செத்துக் கிடக்கிறார். மேலே கரையில் அவருடைய படம் பாதியில் நிற்கிறது, சாயம் இன்னும் ஈரம். படத்தை எட்ட நின்று பார்க்கப் பின்னால் நகர்ந்தவர் கால் தவறி விழுந்திருப்பார் என்றே யாருக்கும் தோன்றும்.

கதையில் துப்பறிபவரான லார்ட் பீட்டர் விம்ஸி மட்டும் செத்தவரின் சட்டைப்பை, வண்ணப்பை எல்லாவற்றையும் துழாவுகிறார். ஒரு பொருள் இல்லை என்கிறார். அதைத் தேடும்படி சார்ஜெண்டிடம் சொல்கிறார். என்ன பொருள்? அதைத்தான் ஆசிரியர் சொல்லவில்லை! புத்திசாலி வாசகர் தாமே ஊகித்துக்கொள்வார், ஆகவே இங்கே தரவில்லை என்று அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு. துப்பறியும் கதையில் துப்பையே மறைத்துவிட்டால் நான் எதற்குப் படிக்க வேண்டும்?

கொலையாளி யார் என்று தயவுசெய்து யாரும் சொல்லிவிடாதீர்கள். மேலே படிக்கலாமா என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

பதில்: நடுப்பக்கம்

படிக்கலாம், ஆனால் வேகமாக. ஆறு ஓவியர்கள்மேல் சந்தேகம்: ஃபேரன், ஸ்ட்ரான், கோவன், கிரஹாம், வாட்டர்ஸ், ஃபெர்கூசன். எனக்கு நடுவில் யார் யார் என்றே மறந்துபோயிற்று. தாடிக்காரர் கோவன் மட்டும்தான் நினைவில் நிற்கிறார். அதற்குக் காரணம் உண்டு, வரும்போது சிரிப்பீர்கள். ஊர்க்காரர்கள் பேசும் ஸ்காட்லாந்து வழக்கை வாய்விட்டுப் படித்தால்தான் பிடிபடும். ரயில் நேரம் வரும் பக்கங்களை நான் புரட்டித் தள்ளினேன்.

பதில்: ஆளிவிதை எண்ணெய்

ஏமாற்று என்று சொன்னதால் எழுதுகிறேன். நான் கட்அவுட் வரைந்து பிழைத்தவன். இப்போது ஆர்டர் கிடையாது, எனக்காக எண்ணெய் வண்ணத்தில் மலையும் மேகமும் வரைகிறேன். அந்தப் பக்கத்தைப் படித்த மறுகணமே பொருள் எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சேயர்ஸ் மறைத்ததாக எனக்குப் படவே இல்லை.

கொஞ்சம் பின்னால் போங்கள். பையிலிருந்த வண்ணக் குழாய்களைப் பெயர் பெயராக எழுதியிருக்கிறார். வாசகர் அதைக் கடைச்சீட்டுபோல நினைத்துத் தாண்டிவிடுகிறார். தாண்டாதீர்கள். மலைச்சரிவு, ஓடும் நீர், பாறை, மேகம். இந்தக் காட்சியை வரைய உங்கள் முன் ஒரு பலகை இருக்கிறது. எந்தக் குழாய் முதலில் தீரும்? கடையில் எந்தக் குழாயை மட்டும் பெரிய அளவில் கேட்டு வாங்குவோம்? அந்தப் பட்டியலில் அது இருக்கிறதா பாருங்கள்.

இன்னொன்று. ஈரச் சாயத்தைக் கண்டு மயங்க வேண்டாம். எண்ணெய்ச் சாயம் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றோடு சேர்ந்து மெல்ல இறுகும். அதற்கு நாட்கணக்காகும். காம்ப்பெலோ கத்தியால் சாயத்தை அப்பி வரைகிறவர். அந்தக் கனத்துக்கு இன்னும் தாமதமாகும். படம் ஈரமாக இருக்கிறது என்றால் அண்மையில் வரைந்தது என்றுதான் பொருள். அதை வரைந்த கை எது என்று ஈரம் சொல்லாது. உடல் எவ்வளவு விறைத்திருந்தது என்று விம்ஸி பார்க்கும் இடத்தையும் கூடவே வைத்துப் படியுங்கள்.

பின்னட்டை

ஐயா, பட்டியலை விரல் வைத்துப் படித்தேன். வெள்ளை இல்லை! வெள்ளையில்லாமல் அவர் மேகம் வரைந்திருக்க முடியாது. படத்தில் வெள்ளை இருக்கிறது, குழாய் இல்லை. அப்படியானால் இன்னொருவர் அங்கே உட்கார்ந்து வரைந்திருக்கிறார், போகும்போது குழாயையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். சரியா? ஆனால் எல்லாவற்றையும் அவ்வளவு கவனமாக ஜோடித்தவர் அதை எதற்கு எடுத்துப் போக வேண்டும்?

ஆளிவிதை எண்ணெய்

சரி. அந்தக் காலத்தில் அது ஈய வெள்ளை, எங்கள் பட்டறையில் சபேதா என்போம். மேகத்துக்கு மட்டுமல்ல, பாறையின் வெளிச்சப் பக்கம், தூரத்து மலையின் வெளிர்நீலம், எதற்கும் அது கலக்காமல் வேலை நடக்காது.

ஏன் எடுத்துப் போனார் என்பதுதான் நல்ல கேள்வி. வேண்டுமென்று எடுக்கவில்லை. நின்றபடி வெளியில் வரைபவனுக்கு அடிக்கடி தொடும் குழாய் கைக்கெட்டிய தூரத்தில் இருக்க வேண்டும். பிதுக்குவோம், மூடியைத் திருகுவோம், அப்படியே சட்டைப்பையில் போட்டுக்கொள்வோம். இதில் மூளைக்கு வேலையே இல்லை. என் வீட்டில் துவைக்கப் போகும் சட்டையின் பையைத் தடவிப் பார்க்காமல் தண்ணீரில் போடுவதில்லை. கொலைகாரர் எல்லாவற்றையும் யோசித்தார், பழகிய கையை மட்டும் யோசிக்கவில்லை. ஆகவே அவர் ஓவியர் என்பது அந்த ஒரு குழாயிலேயே தெரிந்துவிடுகிறது. காம்ப்பெலைப்போல வரையக்கூடியவர்கள் ஆறு பேர். கதை அங்கேதான் சூடு பிடிக்கிறது.

ஆட்களைச் சேயர்ஸ் கற்பனையில் பிடித்தார், ஊரை அல்ல. காலோவேயில் உள்ள கர்கூப்ரி அப்போது உண்மையிலேயே ஓவியர்களின் ஊர். ஹார்னெல் என்ற ஓவியர் அங்கே பிராட்டன் ஹவுஸில் இருந்தார், ஜெஸ்ஸி கிங்கும் அவர் கணவர் டெய்லரும் அதே ஊரில். சேயர்ஸ் கணவரோடு விடுமுறைக்குப் போய்த் தங்கிய பகுதி அது. நாவலைக் காணிக்கையாக்கியிருப்பதுகூட கேட்ஹவுஸ் என்ற பக்கத்து ஊரின் ஆன்வத் ஹோட்டல்காரருக்கு.

பதில்: மூன்றாம் பிளாட்பாரம்

ரயில் பக்கங்களைப் புரட்டித் தள்ளினேன் என்று நடுப்பக்கம் எழுதியதைப் படித்து எனக்கு வயிறு எரிந்தது. டிக்கெட் பரிசோதனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான்.

இடங்களும் உண்மை, ரயில்களும் உண்மை என்று அந்தக் காணிக்கைக் குறிப்பிலேயே சேயர்ஸ் எழுதியிருக்கிறார். கேட்ஹவுஸ் ஸ்டேஷன் ஊரைவிட்டு மைல்கணக்கில் தள்ளி இருந்தது. அதனால் சைக்கிள் யாரிடம், கார் யாரிடம் என்பதெல்லாம் வழக்கில் முக்கியமாகிறது. டம்ஃப்ரீஸிலிருந்து ஸ்ட்ரான்ரேருக்கு அந்த வழியாகப் போன பாதையை 1965இல் மூடிவிட்டார்கள், கர்கூப்ரி கிளைப்பாதையையும் அதே ஆண்டில். ஆனால் ஏர், கர்வன், பார்ஹில் வழியாகப் போகும் பாதையில் இன்றும் ரயில் ஓடுகிறது.

டிக்கெட்டில் விழும் துளையைப் பற்றி வரும்போது நிதானமாகப் படியுங்கள். கெட்டி அட்டை டிக்கெட், எட்மண்ட்சன் என்பவர் கொண்டுவந்தது. கணினி வருவதற்கு முன் நம் ரயில்வேயிலும் அதே அட்டைதான். பரிசோதகரின் இடுக்கி இடத்துக்கு இடம் வேறு வடிவத்தில் துளை போடும். துளையைப் பார்த்தால் டிக்கெட்டை எங்கே சோதித்தார்கள் என்று சொல்லிவிடலாம். அந்தத் துளையை நம்பி ஒருவர் கணக்குப் போடுகிறார். இதற்கு மேல் சொன்னால் பின்னட்டைச் சகோதரி கோபித்துக்கொள்வார்.

பதில்: கத்தரி

ஆளிவிதை ஐயா சொல்வது ஓவியருக்குச் சரி. மற்றவர்கள் என்ன செய்வது? துப்பறியும் கதை எழுத்தாளர்களுக்காக 1930இல் தொடங்கிய டிடெக்‌ஷன் கிளப்பை உண்டாக்கியவர்களில் சேயர்ஸும் ஒருவர். முக்கியத் தடயத்தை வாசகரிடமிருந்து மறைக்க மாட்டேன் என்பது அங்கே சேருகிறவர்கள் எடுக்கும் உறுதிமொழியில் ஒன்று. பட்டியலைக் கொடுத்துவிட்டேன், எண்ணிக்கொள்ளுங்கள் என்று அவர் வாதாடலாம். ஆனால் அந்த அடைப்புக்குறி வெறும் மிடுக்கு. இல்லாமலிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஓவியர் கூட்டத்துக் கொலை பிடித்திருந்தால் நைகோ மார்ஷின் 'ஆர்டிஸ்ட்ஸ் இன் கிரைம்' (1938) படியுங்கள். மாடலாகப் படுக்கும் பெண்ணின் மேடையில் அடியிலிருந்து கத்தியைச் செருகி வைத்திருப்பார்கள். மார்ஷ் முறையாக ஓவியம் பயின்றவர், வகுப்பறையின் சச்சரவுகள் அவருக்கு அத்துப்படி.

பின்னட்டை

அந்த அடைப்புக்குறி இருந்ததால்தான் கோபம் வந்தது, கோபம் வந்ததால்தான் இங்கே கேட்டேன். அதனால் மன்னித்துவிட்டேன். மூன்றாம் அத்தியாயம் போகிறேன். நடுப்பக்கம், தாடி எப்போது வரும்?